எல்லோரும் ஹாலில்தான் இருந்தார்கள்: ஒரு நாய், ஒரு குழந்தை, ஒரு முயல் பற்றிய நிகழ்வு ஆய்வு

நாய்களின் நடத்தைச் சிக்கல்களைப் பார்ப்பது என் வேலை. இங்கே பதிவு செய்வது ஒரு குடும்பத்தில் நடந்தது: வீட்டு நாய் தவழும் குழந்தையின் முகத்தில் பல் பட வாய் வைத்தது, அடுத்த நொடியே வீட்டு முயலைத் துரத்தியது. அவர்கள் சம்மதம் தந்த பிறகே எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன். காயம் சிறியது, முடிவும் நல்லபடியாக அமைந்தது. ஆனாலும் விரிவாக எழுதக் காரணம் உண்டு. சம்பவம் நடந்தபோது வீட்டில் மூன்று பெரியவர்கள் இருந்தார்கள், அவர்களில் இரண்டு பேர் அதே அறையில். "குழந்தையையும் நாயையும் தனியாக விடாதீர்கள்" என்ற அறிவுரையை அந்தக் குடும்பம் அப்படியே கடைப்பிடித்து வந்தது. அப்படியும் நடந்தது.

பின்னணி

கணவன், மனைவி, 6 வயது மகள், 10 மாத மகன், பகலில் உதவிக்கு வரும் பாட்டி. நாய்க்கு வயது 7. நடுத்தர உடல்வாகு, கலப்பினம், கருத்தடை செய்த ஆண். குழந்தைகள் பிறப்பதற்கு முன்பே குட்டியாக வந்தது. மூத்தவள் இந்த நாயோடுதான் வளர்ந்தாள். அவள் தவழ்ந்த காலத்திலும் நடை பழகிய காலத்திலும் அது ஒரு நாள்கூட உறுமியதில்லை.

பெற்றோரின் நம்பிக்கை முழுவதும் இந்த ஒரு விஷயத்தில்தான் நின்றது. ஒரு குழந்தையை இந்த நாய் பார்த்துவிட்டது, அடுத்ததையும் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தார்கள். அப்படி நினைத்ததில் தவறு சொல்ல முடியாது, யாராக இருந்தாலும் அப்படித்தான் தோன்றும். ஆனால் மூத்தவள் தவழ்ந்தபோது நாய்க்கு ஒன்றரை வயது. குழந்தை நெருங்கினால் துள்ளி எழுந்து நகர்ந்துவிடும். சின்னவன் தவழத் தொடங்கியபோது அதற்கு 7 வயது. எழுந்திருக்கவே யோசிக்கிற உடம்பு. பெயரும் முகமும் அதேதான் என்றாலும் குழந்தையைச் சகித்துக்கொள்ளும் திறன் அதே அளவில் இல்லை.

முயல் மூத்தவளுடையது. ஒரு வருடமாக வீட்டில் இருக்கிறது. கூண்டு ஹாலின் ஒரு மூலையில். மாலையில் மடக்கு வேலி ஒன்றைத் தரையில் விரித்து, அதற்குள் முயலை ஓட விடுவார்கள். நாயின் படுக்கை அதே ஹாலில், சோபாவுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில். உள்ளே போக ஒரு பக்கம்தான் வழி, வெளியே வரவும் அதே வழி.

தவழத் தொடங்கியதும்

சின்னவன் இன்னும் தவழாமல் படுத்தே இருந்த மாதங்களில் எந்தச் சிக்கலும் இல்லை. நாய் வந்து மோந்து பார்க்கும், கால்மாட்டில் படுக்கும், போகும். எட்டாவது மாதம் தவழத் தொடங்கினான். அதன் பிறகு, வருவதும் போவதும் நாயின் கையில் இல்லை. அது ஓய்வெடுக்கும் இடத்துக்கே அவன் வந்தான்.

முதல் சில நாட்கள் நாய் எழுந்து போய்விடும். "நல்ல பிள்ளை, தானாகவே ஒதுங்கிப் போகிறான்" என்று வீட்டில் பெருமைப்பட்டார்கள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அப்படி எழுந்து போக வேண்டியிருந்தது என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. ஆரோக்கியமான பெரிய நாய்கூட நாளில் பாதி நேரத்துக்கு மேல் தூங்கியும் படுத்தும் கழிக்கும். இந்த நாய்க்கு அந்த ஓய்வு துண்டு துண்டாகிப்போனது.

ஒரு மதியம், சின்னவன் படுத்திருந்த நாயின் பின்னங்காலுக்கு மேல் இருந்த மயிரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்த்தான். நாய் உறுமியது. அப்பா உடனே நாயை அதட்டி, கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். அடுத்த சில நாட்களில் இதுவே மூன்று நான்கு முறை நடந்தது. அப்புறம் உறுமல் நின்றுவிட்டது. பாடம் படித்துக்கொண்டது என்று எல்லோரும் நிம்மதியானார்கள்.

உண்மையில் அந்த வீட்டுக்கு இருந்த எச்சரிக்கை மணி கழற்றப்பட்டது அந்த வாரத்தில்தான்.

சம்பவம்

மாலை நேரம். அம்மா ஹாலின் மறுகோடியில் துணி மடித்துக்கொண்டிருந்தார். அப்பா சோபாவில், கையில் போன். பாட்டி சமையலறையில். மூத்தவள் முயலை மடக்கு வேலிக்குள் விட்டிருந்தாள். நாய் வேலிக்கு இரண்டடி தள்ளிப் படுத்து முயலையே பார்த்துக்கொண்டிருந்தது. கிட்டத்தட்ட இருபது நிமிடமாக அசையாமல் அப்படியே கிடந்தது என்று மூத்தவள் பிறகு சொன்னாள். அறையில் இருந்தவர்களிலேயே மிகத் துல்லியமாகச் சொன்னவள் அந்தக் குழந்தைதான்.

சின்னவன் பின்பக்கமாகத் தவழ்ந்து வந்து நாயின் இடுப்பில் இரண்டு கைகளையும் ஊன்றி எழுந்தான். நாய் உறுமவில்லை. வெடுக்கென்று திரும்பி முகத்தில் வாய் வைத்தது. கண்ணுக்குக் கீழே கன்னத்தில் இரண்டு சிவந்த கீறல், ரத்தம் இல்லை. குழந்தை வீரிட்டதும் நாய் துள்ளி எழுந்ததில் வேலி சரிந்தது. முயல் ஓடியது. நாய் துரத்தியது. முயல் அலமாரிக்கு அடியில் புகுந்துகொண்டதால் தப்பியது. அம்மா கையிலிருந்த போர்வையை நாய் மேல் போட்டு, அது தடுமாறிய நொடியில் அடுத்த அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். முதலிலிருந்து கடைசி வரை ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

அதன் பிறகு அவர்கள் செய்த இரண்டு காரியங்கள் மிகச் சரியானவை. குழந்தையின் கன்னத்தைச் சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவினார்கள். ரேபிஸ் விஷயத்தில் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் முதல் நடவடிக்கை இதுதான். நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும், ரத்தம் வராத கீறலாக இருந்தாலும், "ஒன்றுமில்லை" என்று தாங்களே முடிவு செய்யாமல் அன்றிரவே குழந்தையை மருத்துவரிடம் கொண்டு போனார்கள். தடுப்பூசி முடிவை அவரிடம் விட்டார்கள்.

முயல் மேல் பல் பட்ட தடயமே இல்லை. ஆனால் மறுநாள் காலை வரை அது எதையும் தின்னவில்லை, புழுக்கையும் போடவில்லை. பயத்திலும் அழுத்தத்திலும் முயலின் குடல் இயக்கம் மந்தமாகி நின்றே போகலாம். 12 மணி நேரம் முயல் தின்னாமல் இருந்தால் அதை அவசர நிலையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். கால்நடை மருத்துவர் சிகிச்சை கொடுத்து, குழாய் மூலம் வாயில் உணவு செலுத்தி, இரண்டு நாளில் தேற்றினார். கடிபடாமலேயே ஒரு முயல் நாயால் சாகக்கூடும் என்பது பலருக்குத் தெரியாது. இந்தக் குடும்பத்துக்கும் அன்றுதான் தெரிந்தது.

வீடியோக்களில் கண்டது

என்னிடம் வந்தபோது, வீட்டுக்குப் போகும் முன்பே போனில் இருந்த பழைய வீடியோக்களை அனுப்பச் சொன்னேன். நாயும் குழந்தையும் இருக்கும் வீடியோ இல்லாத வீடே கிடையாது. பாசத்தோடு எடுத்த அந்தப் பதிவுகள்தான் என் வேலைக்கு மிக நேர்மையான சாட்சி, ஏனென்றால் அவற்றை யாரும் எனக்காக எடுக்கவில்லை.

ஒன்றில், சின்னவன் நாயின் முதுகில் தட்டித் தட்டிச் சிரிக்கிறான். பின்னணியில் பாட்டியின் குரல்: "பாரு, எவ்வளவு பொறுமை!" நாயின் வாய் இறுக மூடியிருக்கிறது. முகத்தை மறுபக்கம் திருப்புகிறது. ஒரு முறை மூக்கை நக்குகிறது. தூக்கம் வரும் நேரம் இல்லை, ஆனால் கொட்டாவி விடுகிறது. கண்ணின் வெள்ளை பிறை போலத் தெரிகிறது. கடைசி சில நொடிகளில் உடம்பு அப்படியே உறைகிறது. வீடியோ அங்கே முடிந்துவிடுகிறது.

நாய் தன் அசௌகரியத்தைப் படிப்படியாகச் சொல்லும். முகம் திருப்புவது, உதட்டையோ மூக்கையோ நக்குவது, கொட்டாவி, எழுந்து விலகுவது, வாலைச் செருகிக்கொள்வது, விறைத்து நிற்பது, உறுமல், வாயை வெறுமனே சொடுக்குவது, கடைசியாகக் கடி. பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் கெண்டல் ஷெப்பர்ட் இதை ஓர் ஏணியாக வரைந்து காட்டியிருக்கிறார். எல்லா நாயும் எல்லாப் படியிலும் கால் வைத்து ஏறும் என்றில்லை. கீழ்ப் படிகளில் சொன்னது யார் காதிலும் விழவில்லை என்றால், உறுமலுக்குத் தண்டனையும் கிடைத்தால், அது நடுப்படிகளை விட்டுவிட்டு நேரே மேலே போகும். இந்த நாய் செய்தது அதைத்தான்.

இன்னொரு வீடியோ முயல் கூண்டின் முன்னால் எடுத்தது. "காவல் காக்கிறான்" என்று அதற்கு வீட்டில் பெயர். நாய் தரையோடு தாழ்ந்து படுத்திருக்கிறது. காதுகள் முன்னோக்கி, பார்வை இமைக்காமல், வால் அசைவற்று. பெயர் சொல்லிக் கூப்பிட்டும் காது திரும்பவில்லை. கூண்டுக்குள் முயல் தரையோடு தட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. காதுகள் முதுகில் படிந்திருக்கின்றன, கண்கள் பிதுங்கியிருக்கின்றன, எப்போதும் துடித்துக்கொண்டே இருக்கும் மூக்கு அசையவில்லை. இரண்டும் அமைதியாக இருக்கின்றன என்று குடும்பம் நினைத்தது. நான் பார்த்தது இரை தேடும் விலங்கு ஒன்றையும், இரையாக இருக்கும் விலங்கு ஒன்றையும்.

நேரில் போனபோது நாயை நான் தொடவில்லை, நடக்க மட்டும் விட்டுப் பார்த்தேன். எழும்போது முன்னங்கால்களில் பாரத்தைப் போட்டு, பின்பக்கத்தை இழுத்துக்கொண்டு எழுந்தது. உட்காரும்போது இடுப்பை ஒரு பக்கமாகச் சாய்த்தது. படி ஏறும்போது பின்னங்கால்கள் இரண்டையும் சேர்த்துத் தாவியது. வேறு எதற்கும் முன்னால் கால்நடை மருத்துவரைப் பாருங்கள் என்று அனுப்பினேன். எக்ஸ்ரேயில் இரண்டு இடுப்பு மூட்டுகளிலும் தேய்மானம் தெரிந்தது, வலது பக்கம் அதிகம். சின்னவன் ஒவ்வொரு தடவையும் பிடித்து எழுந்தது அந்த வலது பக்கத்தில்தான்.

எப்படிப் புரிந்துகொண்டேன்

பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட, குழந்தைகளைக் கடித்த 111 நாய்களைப் பற்றி 2007-இல் ஓர் ஆய்வு வெளியானது. இல்லானா ரைஸ்னரும் உடன் பணியாற்றியவர்களும் செய்தது. அந்த நாய்களில் பாதியளவுக்கு, கடிக்குப் பங்களித்திருக்கக்கூடிய உடல்நலச் சிக்கல் இருந்தது அல்லது இருப்பதாகச் சந்தேகம் எழுந்தது. முன்வரலாறு தெரிந்தவற்றில் மூன்றில் இரண்டு பங்கு, அதற்கு முன் எந்தக் குழந்தையையும் கடித்ததே இல்லை. இந்த வீட்டு நாய் அந்த இரண்டு வரிகளுக்குள்ளும் அடங்கும்.

கடியின் அளவையும் எடைபோட்டேன். கால்நடை மருத்துவரும் நாய்ப் பயிற்சியாளருமான இயன் டன்பார், கடியின் தீவிரத்தை அளக்க வகுத்த ஆறு நிலை அளவுகோலில் இது இரண்டாம் நிலை: பல் தோலில் பட்டது, துளைக்கவில்லை. அவ்வளவு நெருக்கத்தில், வலியின் உச்சத்தில், தோலைத் துளைக்காமல் வாயை நிறுத்தியது என்றால் நாய்க்குக் கட்டுப்பாடு இருந்தது என்று பொருள். நம்பிக்கை தரும் விஷயம்தான். ஆனால் குழந்தையின் முகம் நாயின் வாய்க்கு நேர் உயரத்தில் இருக்கிறது. அடுத்த முறையும் அதே கட்டுப்பாடு இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

முதலிலேயே குடும்பத்திடம் அழுத்திச் சொன்ன ஒன்று, இவை இரண்டு வேறு சிக்கல்கள் என்பது. குழந்தையிடம் நாய் காட்டியது தற்காப்பு. "கிட்ட வராதே, வலிக்கிறது" என்பது அதன் பொருள். அதற்கு முன்னறிகுறிகள் உண்டு, படிக்கத் தெரிந்தால் தடுக்கலாம். முயலிடம் காட்டியது வேட்டை. கவனிப்பது, உற்றுப் பார்ப்பது, பதுங்கி நெருங்குவது, துரத்துவது, கவ்வுவது என்று ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் சங்கிலி அது. அதில் கோபம் இல்லை, உறுமல் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. இரையை எச்சரித்துவிட்டு எந்த வேட்டை விலங்கும் பாய்வதில்லை. குரைக்கிற நாய் கடிக்காது என்று பாட்டி சொன்னார். குரைக்காமல், சத்தமே இல்லாமல் படுத்திருந்ததுதான் அந்த ஹாலில் ஆபத்தான நிலை.

அன்று மாலை இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தன. இருபது நிமிடம் முயல் மேல் முறுக்கேறியிருந்த உடம்பு, நாளெல்லாம் கலைந்த தூக்கம், இடுப்பு வலி, பின்பக்கமிருந்து எதிர்பாராத பாரம். தனித்தனியாக வந்திருந்தால் நாய் ஒவ்வொன்றையும் தாங்கியிருக்கலாம்.

எடுத்த முடிவுகள்

நாயை வேறு வீட்டுக்குக் கொடுப்பதா என்பதுதான் முதல் கேள்வி. அம்மாவுக்கு அதைக் கேட்கவே குற்ற உணர்வாக இருந்தது. கேட்டே ஆக வேண்டிய கேள்வி என்று சொன்னேன். வைத்துக்கொள்ளலாம் என்று நாங்கள் முடிவு செய்ததற்குக் காரணங்கள் இருந்தன. கடி கட்டுப்பாட்டோடு இருந்தது. காரணம் தெளிவாகத் தெரிந்தது, அதற்கு மருத்துவம் இருந்தது. வீட்டில் கதவு வைத்துப் பிரிக்க இடம் இருந்தது. நிபந்தனை ஒன்றும் வைத்தோம்: பிரிக்கும் ஏற்பாட்டை நாள்தோறும் கடைப்பிடிக்க முடியவில்லை என்றால், நாய்க்கு வேறு நல்ல வீடு பார்க்க வேண்டும். இதில் ஏதாவது ஒன்று இல்லாமல் போயிருந்தால் என் ஆலோசனை வேறாக இருந்திருக்கும்.

அடுத்தது முயல். நாயையும் முயலையும் பழக்கி நண்பர்களாக்க முடியுமா என்று மூத்தவளுக்காக அப்பா கேட்டார். முடியாது என்று நேரடியாகச் சொன்னேன். சில வீடுகளில் நாயும் முயலும் ஒன்றாக வாழ்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் ஒரு தடவை துரத்திப் பார்த்த நாய், முயல் மேல் அதன் இமைக்காத பார்வை, துரத்தப்பட்டதில் நோயில் விழுந்த முயல் என்று மூன்றும் சேர்ந்திருக்கும் இடத்தில் பழக்கம் என்ற பெயரில் முயலைத்தான் பணயம் வைக்கிறோம். முயலின் கூண்டு மூத்தவளின் அறைக்குப் போனது. அந்த அறைக் கதவு எப்போதும் சாத்தியிருக்கும், அதற்கு வெளியே நடையில் ஒரு தடுப்புக் கதவு. நாய்க்கும் முயலுக்கும் நடுவே எந்த நேரத்திலும் இரண்டு தடைகள். ஒன்றை மறந்தாலும் மற்றது இருக்கும்.

நாய்க்கு, சந்தில் இருந்த படுக்கையை எடுத்துவிட்டு, ஹாலை ஒட்டிய சிறிய அறையைக் கொடுத்தோம். வாசலில் தடுப்புக் கதவு, உள்ளே மூட்டுக்கு இதமான கனமான மெத்தை, தண்ணீர். குழந்தைகள் யாரும் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. சாப்பாடும் மெல்லும் பொருளும் அங்கேதான், கதவு சாத்திய பிறகு. "குழந்தை கையை வைத்துப் பழகட்டும்" என்று நாயின் தட்டில் கைவிட வைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது நாய்க்குச் சொல்லித்தருவது ஒன்றைத்தான்: சாப்பிடும்போது யாராவது நெருங்கினால் உணவு போய்விடும்.

இனி மேற்பார்வைக்கு வருகிறேன். இந்த வழக்கின் மையமே இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன். இத்துறையில் மேற்பார்வையை ஐந்தாகப் பிரித்துப் பேசுவதுண்டு. யாருமே இல்லாதது ஒன்று. அறையில் இருந்தும் கவனம் வேறு எங்கோ இருப்பது இரண்டாவது. நெருங்கிய பிறகு "டேய், விடு" என்று கத்துவது மூன்றாவது. முன்கூட்டியே கதவு, கூண்டு, இடம் என்று திட்டமிட்டு வைப்பது நான்காவது. விழித்த கண்ணோடு கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து இரண்டு பேரையும் பார்ப்பது ஐந்தாவது. சம்பவத்தன்று அந்த ஹாலில் இருந்தது இரண்டாவது வகை. அப்பா அம்மா இருவருமே மற்றவர் பார்த்துக்கொண்டிருப்பதாக நம்பியிருந்தார்கள். அறையில் ஆள் கூடக்கூட இந்த நம்பிக்கை வலுக்கும், பார்க்கிற கண் குறையும். விருந்தாளிகள் நிறைந்த வீட்டில் இது இன்னும் மோசம்.

ஆகவே ஒரே ஒரு விதியை வைத்தோம். நாயும் சின்னவனும் ஒரே இடத்தில் இருக்க வேண்டுமென்றால், ஒரு பெரியவர் "நான் பார்க்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர் தரையில், இரண்டு பேருக்கும் நடுவில், கையில் எதுவும் இல்லாமல் உட்கார வேண்டும். போன் அடித்தால், அடுப்பில் ஏதாவது பொங்கினால், முதலில் நாய் தடுப்புக்குள் போகும், அப்புறம்தான் மற்ற வேலை. அல்லது இன்னொருவர் "இப்போ நான் பார்க்கிறேன்" என்று சொல்லிப் பொறுப்பை வாங்கிக்கொள்ள வேண்டும். யாரும் சொல்லவில்லையா, கதவு சாத்தியிருக்க வேண்டும். மூத்தவளை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டேன். 6 வயதுப் பிள்ளையிடம் "தம்பியைப் பார்த்துக்கோ" என்று நாயோடு விடுவது, இரண்டு குழந்தைகளைச் சேர்த்து ஆபத்தில் விடுவதுதான்.

அவளுக்கென்று சில பழக்கங்கள் சொல்லிக்கொடுத்தோம். நாயிடம் நாம் போவதில்லை, கூப்பிடுவோம், வந்தால் தடவலாம். நெஞ்சிலோ தோளிலோ மூன்று எண்ணும் வரை தடவிவிட்டுக் கையை எடுக்க வேண்டும். இன்னும் வேண்டும் என்று அது ஒட்டி நின்றால் தொடரலாம், அசையாமல் நின்றாலோ விலகினாலோ போதும் என்று பொருள். கட்டிப்பிடிக்கக் கூடாது, படுத்திருக்கும்போது குனிந்து முத்தம் கொடுக்கக் கூடாது. நாய் பல்லைக் காட்டுவதைச் சிறு பிள்ளைகள் சிரிப்பு என்றே எடுத்துக்கொள்வதுண்டு, அதனால் படம் வரைந்து விளக்கினேன். சின்னவனுக்குச் சொல்லித்தர எதுவும் இல்லை. அந்த வயதில் வேலி மட்டும்தான் பாடம்.

நாய்க்கான பயிற்சி மெதுவாகப் போனது. மருத்துவர் கொடுத்த வலி மருந்து வேலை செய்யத் தொடங்கிய பிறகே ஆரம்பித்தோம். மனிதர்களுக்கான வலி மாத்திரையை நாய்க்குக் கொடுக்கவே கூடாது, ஐபுபுரூஃபென் போன்றவை நாய்க்கு நஞ்சு. மெத்தைக்குப் போய்ப் படுப்பது, பெயர் சொன்னதும் எதிலிருந்தாவது முகத்தைத் திருப்பி நம்மைப் பார்ப்பது, தடுப்புக்கு அந்தப் பக்கம் குழந்தை தெரிந்தால் நல்ல தின்பண்டம் கிடைப்பது, இவ்வளவுதான். மசில் எனப்படும் வாய்க்கூடையையும் பழக்கினோம், மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் விடும் கூடை வகை. அது மருத்துவமனைக்கும் அவசரத்துக்கும் மட்டும். மாட்டிவிட்டோமே என்று கண்ணை எடுத்துவிடும் ஆபத்து அதில் உண்டு என்பதால் அன்றாடத்துக்கு வேண்டாம் என்றேன்.

உறுமலை இனி யாரும் அதட்டுவதில்லை என்பதையும் எழுதி, எல்லோரும் படித்துப் பார்த்து ஒப்புக்கொண்டோம்.

பிறகு நடந்தவை

முதல் வாரம் கடினம். நாய் தடுப்புக்குப் பின்னால் நின்று முனகியது, தண்டிக்கிறோமோ என்று அம்மா அழுதார். பகலில் சின்னவன் தூங்கும் நேரத்தில் நாயைத் தாராளமாக ஹாலில் விட்டு, பெரியவர் ஒருவர் அதனோடே உட்காரும்படி மாற்றினோம். அதற்குப் பிறகு அதுவே போய் அறையில் படுக்கத் தொடங்கியது. வலி குறைந்ததும் தூக்கம் நீண்டது. எழும் வேகம் கூடியது. ரொம்ப நாளாகத் தொடாமல் கிடந்த பந்தை ஒரு நாள் தானே கவ்விக்கொண்டு வந்தது.

இரண்டாவது மாதத்தில் அப்பாவிடமிருந்து பதற்றமாகப் போன் வந்தது. சின்னவன் தடுப்புக் கம்பிகளுக்கு இடையே கையை விட்டிருக்கிறான், நாய் உறுமியிருக்கிறது. "எல்லாம் வீணாகிவிட்டதா?" என்றார். எனக்கு அது நல்ல செய்தியாகவே பட்டது. இழந்த குரல் நாய்க்குத் திரும்பி வந்திருந்தது. அவர் செய்ததும் சரியாக இருந்தது: சத்தம் போடாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்திருக்கிறார், பிறகு கம்பிகளுக்குக் குறுக்கே கை நுழையாத பலகை ஒன்றைப் பொருத்தியிருக்கிறார்.

ஏற்பாடு ஒரு முறை உடைந்தது. வீட்டுக்கு வந்த உறவினர் நாய் பாவம் என்று தடுப்பைத் திறந்துவிட்டார். ஹாலில் சின்னவன் இருந்தான். அப்பா அங்கிருந்தே நாயின் பெயரைச் சொன்னார். அது முகத்தைத் திருப்பி அவரிடம் வந்தது, உள்ளே போனது. பயிற்சி அன்று கைகொடுத்தது. ஆனாலும் பயிற்சியை நம்பி இருக்க வேண்டிய நிலையே வந்திருக்கக் கூடாது. அதன் பிறகு தானாக மூடிக்கொள்ளும் கொக்கி வைத்தார்கள். வீட்டுக்கு ஆள் வரும் நாட்களில், அவர்கள் வாசலுக்கு வரும் முன்பே நாய் பூட்டிய அறைக்குள் போய்விடும்.

சின்னவன் நடக்கத் தொடங்கியபோது ஆபத்தின் வடிவம் மாறியது. தள்ளாடி விழுகிறவன், கத்திக்கொண்டு ஓடுகிறவன், நாயின் மூக்குக்கு நேராகத் தின்பண்டத்தை நீட்டிக்கொண்டு நடக்கிறவன். அவன் கையில் உணவு இருக்கும் நேரமெல்லாம் நாய் தடுப்புக்குள் என்று விதியில் ஒரு வரி கூட்டினோம்.

முயல் தனி அறைக்குப் போன சில வாரங்களில் பக்கவாட்டில் பொத்தென்று சாய்ந்து, கால்களை நீட்டிப் படுக்க ஆரம்பித்தது. பயம் விட்ட முயல்தான் பொதுவாக அப்படிப் படுக்கும். ஒரு வருடமாக வீட்டில் இருந்தும் அது அப்படிப் படுத்து மூத்தவள் பார்த்ததே இல்லை. ஹாலில் இருந்த காலம் முழுவதும் அது எந்த நிலையில் வாழ்ந்தது என்பதை அந்தக் குழந்தைக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சம்பவத்துக்குப் பிறகு ஓராண்டு முடிந்திருக்கிறது. நாய் யார் மேலும் வாய் வைக்கவில்லை.

இனி மாற்றிச் செய்வது

இப்படி ஒரு குடும்பம் முன்கூட்டியே வந்தால், குழந்தை பிறப்பதற்கு முன்பே தடுப்புக் கதவுகளை மாட்டச் சொல்வேன். குழந்தை வந்த பிறகு மாட்டினால் குழந்தையால்தான் அடைபட்டோம் என்று நாய்க்குப் படும், முன்பே மாட்டினால் அது வீட்டின் ஒரு பகுதி. தவழும் வயதுக்கு ஒரு மாதம் முன்னால் நாயை மூட்டு, காது, பல் மூன்றையும் பார்க்கச் சொல்லி கால்நடை மருத்துவரிடம் அனுப்புவேன். ஒவ்வொரு முறை நாய் எழுந்து விலகுவதையும் ஒரு தாளில் கோடு போட்டு எண்ணச் சொல்வேன். நல்ல குணம் என்று தோன்றும் அந்த விலகல், எண்ணிக்கையாகப் பார்க்கும்போது உதவி கேட்பதாகத் தெரியும். வீட்டில் முயல், கிளி, வெள்ளெலி போன்ற சிறு உயிர் இருக்கிறதா என்பதை முதல் கேள்வியிலேயே கேட்பேன். குழந்தைச் சிக்கலுக்காக வருகிறவர்கள் அதைத் தாமாகச் சொல்வதில்லை.

இந்த வீட்டில் நாய்க்கு 8 வயதாகிவிட்டது. மூட்டுத் தேய்மானம் திரும்பிப் போகாது, வயதோடு கூடும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மருத்துவர் நடையைப் பார்த்து மருந்தின் அளவைச் சரிசெய்கிறார். சின்னவனுக்குச் சொன்னால் புரிந்து, சொன்னபடி கையை நிறுத்தும் வயது வரும்போது தடுப்பு விதிகளை மறுபடி பார்ப்பதாகப் பேசியிருக்கிறோம். முயல் அறையின் இரண்டு கதவுகள் அந்தப் பேச்சில் சேரவில்லை. அவை நாயும் முயலும் இந்த வீட்டில் இருக்கும் வரை இருக்கும்.